இறங்குமுகத்தின் கணக்கு

காவிரிப் பாசனப் பகுதியில் நாளிதழைப் பிரித்ததும் பலர் முதலில் தேடுவது மேட்டூர் அணை நிலவரத்தை. அந்தச் செய்தி எப்போதும் ஏறக்குறைய ஒரே வடிவில்தான் இருக்கும். அணைக்கு வினாடிக்கு இத்தனை கன அடி தண்ணீர் வருகிறது, பாசனத்துக்கு இத்தனை கன அடி திறக்கப்படுகிறது, நேற்று இத்தனை அடியாக இருந்த நீர்மட்டம் இன்று இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. சில நாட்களில் இந்தச் சில வரிகளுக்குள்ளேயே ஒரு முரண் இருப்பதுபோலத் தோன்றும். நீர்வரத்து அதிகரித்திருக்கிறது என்று ஒரு வரி சொல்லும். நீர்மட்டம் சரிந்திருக்கிறது என்று அடுத்த வரி சொல்லும்.

முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் வரும்போது மட்டம் எப்படி இறங்கும்? இரண்டு வரிகளும் சரியே. அவை இரண்டு வெவ்வேறு அளவுகளைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்று கூடும் வேளையில் இன்னொன்று குறைய முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, பள்ளிக் கணிதத்தில் நாம் படித்த ஒரு கருத்தே போதும். அதன் பெயர் மாறுவீதம். பத்தாம் வகுப்பில் அது நேர்கோட்டின் சாய்வாக வருகிறது; மேல்நிலை வகுப்பில் வகையீடாக வளர்கிறது. விடை −0.5 என்று வந்தால் மாணவர்கள் அதன் கீழ் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். அந்த மைனஸ் குறி வெளியுலகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு வகுப்பில் நேரம் கிடைப்பதில்லை. கணக்கின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அணைக்குள் ஒரு கழித்தல்

1934-இல் பயன்பாட்டுக்கு வந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. நீர் இருப்பு போதுமான ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்காகத் திறந்து, ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது மரபு.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் அணைக்கு வினாடிக்கு 2,000 கன அடி வருகிறது. வினாடிக்கு 12,000 கன அடி திறக்கப்படுகிறது. ஆவியாவதையும் கசிவையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். நீர் இருப்பின் மாறுவீதம், வரவிலிருந்து செலவைக் கழித்தால் கிடைக்கும்: 2,000 − 12,000 = −10,000. அதாவது ஒவ்வொரு வினாடியும் இருப்பில் 10,000 கன அடி குறைகிறது. ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆக, நாளொன்றுக்கு −86.4 கோடி கன அடி, அதாவது −0.864 டி.எம்.சி.

மறுநாள் கர்நாடகத்தில் மழை பெய்து நீர்வரத்து 8,000 கன அடியாக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் நான்கு மடங்கு! ஆனால் திறப்பு அதே 12,000. கழித்துப் பார்த்தால் −4,000. இருப்பு இன்னமும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது, நாளொன்றுக்கு 0.864 டி.எம்.சி. குறைந்த இடத்தில் இப்போது சுமார் 0.35 டி.எம்.சி. குறைகிறது. நீர்வரத்து கூடியது, நீர்மட்டம் சரிந்தது என்ற இரண்டு வரிகளும் ஒரே நாளில் ஒரே பத்தியில் உண்மையாக இருப்பது இப்படித்தான். நீர்வரத்து உயர்ந்ததன் பலன், மைனஸின் அளவு சுருங்கியது. குறி மாறவில்லை.

குறி எப்போது மாறும்? வரத்து 12,000-ஐத் தொடும்போது மாறுவீதம் பூஜ்யம். மட்டம் இறங்காமலும் ஏறாமலும் நிற்கும். அதைத் தாண்டினால் பிளஸ். மட்டம் ஏறத் தொடங்கும். இறங்கிக்கொண்டே வந்த நீர்மட்டம் எந்தக் கணத்தில் பூஜ்ய மாறுவீதத்தைக் கடந்து ஏறத் தொடங்குகிறதோ, அந்தக் கணத்தில்தான் அது அந்தச் சரிவின் மிகத் தாழ்ந்த புள்ளியில் இருக்கும். மேல்நிலைக் கணிதத்தில் சிறுமம், பெருமம் என்று படிப்பதன் முழுப் பொருளும் இவ்வளவே: மாறுவீதம் மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகும் இடம் சிறுமம், பிளஸிலிருந்து மைனஸுக்குப் போகும் இடம் பெருமம்.

இன்னொரு செய்தியும் இதே அணையில் இருக்கிறது. 120 அடியில் 93.47 டி.எம்.சி. கொள்ளும் அணை, 100 அடியில் ஏறத்தாழ 65 டி.எம்.சி. மட்டுமே கொள்ளும். அதாவது மேலிருக்கும் 20 அடிக்குள் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்கியிருக்கிறது; அங்கே ஓர் அடிக்குச் சராசரியாக 1.4 டி.எம்.சி. கீழுள்ள 100 அடிக்கோ ஓர் அடிக்குச் சராசரி 0.65 டி.எம்.சி. மட்டுமே, ஏனென்றால் கீழே போகப் போக நீர்ப்பரப்பு குறுகுகிறது. நாளொன்றுக்கு −0.864 டி.எம்.சி. என்ற அதே மாறுவீதம், அணை நிறைந்திருக்கும்போது மட்டத்தை நாளுக்குச் சுமார் 0.6 அடி இறக்கும். கீழ்ப்பகுதியில் சராசரியாக 1.3 அடி இறக்கும். இருப்பு ஒரே சீராகக் குறைகிறது. மட்டமோ வர வர வேகமாகச் சரிகிறது. எதன் மாறுவீதம் என்று கேட்காமல் ஒரு மைனஸ் எண்ணைப் படிக்கவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

குறி ஒன்று சொல்லும், அளவு ஒன்று சொல்லும்

மாறுவீதம் என்பது ஒரு வகுத்தல். ஓர் அளவில் ஏற்பட்ட மாற்றத்தை, அந்த மாற்றம் நிகழ்ந்த இடைவெளியால் வகுக்கிறோம். மாற்றம் என்பது எப்போதும் பிந்தியதிலிருந்து முந்தியதைக் கழிப்பது. பிந்தியது சிறியதானால் கழித்த விடை மைனஸ். அந்தக் குறி பிறக்கும் இடம் இதுதான். கழித்தலின் வரிசையை மாற்றிப் போடும் மாணவர், சரியும் அணையை ஏறவைத்துவிடுவார்.

இந்த எண்ணில் இரண்டு தகவல்கள் சேர்ந்து இருக்கின்றன. குறி, திசையைச் சொல்கிறது. குறியை நீக்கியபின் எஞ்சும் அளவு, வேகத்தைச் சொல்கிறது. இரண்டையும் பிரித்துப் படிக்காவிட்டால் குழப்பம் வரும். −0.6, −1.3 இரண்டில் எது பெரியது? எண்கோட்டில் −0.6 வலப்புறம் இருக்கிறது. ஆகவே அதுவே பெரிய எண். ஆனால் எதில் மட்டம் வேகமாகச் சரிகிறது என்று கேட்டால் விடை −1.3. எண்ணாக ஒப்பிடும்போது ஒரு விடை, வேகமாக ஒப்பிடும்போது இன்னொரு விடை. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாறுவீதம் மைனஸ் என்பதாலேயே அந்த அளவும் மைனஸ் ஆகிவிடாது. 110 அடியில் நிற்கும் அணையின் மாறுவீதம் மைனஸாக இருக்கலாம். அணையில் தண்ணீர் ஏராளம். 30 அடிக்கு வற்றிய அணையின் மாறுவீதம் பிளஸாக இருக்கலாம். விவசாயிக்குக் கவலை தீரவில்லை. நிலை வேறு, நிலை மாறும் திசை வேறு. மைனஸ் என்றாலே கெட்ட செய்தி என்ற எண்ணமும் இங்கே உதவாது. காய்ச்சல் உள்ளவரின் உடல் வெப்பம், வங்கிக் கடனின் பாக்கி, வெள்ளம் சூழ்ந்த ஊரில் ஆற்றின் மட்டம் ஆகியவற்றின் மாறுவீதம் மைனஸ் ஆக வேண்டும் என்றுதான் எல்லோரும் காத்திருக்கிறோம்.

ஏணி இறங்குகிறதா, ஏறுகிறதா?

சொற்கணக்குகளில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாடநூல்களில் தவறாமல் வரும் ஏணிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 5 மீட்டர் நீள ஏணி ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் அடிமுனை சுவரிலிருந்து வினாடிக்கு 0.5 மீட்டர் வீதம் விலகிப் போகிறது. அடிமுனை சுவரிலிருந்து 3 மீட்டர் தொலைவில் இருக்கும்போது மேல்முனை என்ன வேகத்தில் இறங்கும்?

பிதாகரஸ் தேற்றப்படி அப்போது மேல்முனையின் உயரம் 4 மீட்டர். தொலைவின் வர்க்கமும் உயரத்தின் வர்க்கமும் சேர்ந்து எப்போதும் 25. வகையிட்டால், தொலைவை அதன் மாறுவீதத்தால் பெருக்கியதும் உயரத்தை அதன் மாறுவீதத்தால் பெருக்கியதும் சேர்ந்து பூஜ்யம் என்று கிடைக்கும். 3-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 1.5. ஆகவே உயரத்தின் மாறுவீதத்தை 4-ஆல் பெருக்கினால் −1.5 வர வேண்டும். உயரத்தின் மாறுவீதம் வினாடிக்கு −0.375 மீட்டர்.

இனி விடையை எழுத வேண்டும். "உயரத்தின் மாறுவீதம் வினாடிக்கு −0.375 மீட்டர்" என்று எழுதலாம். "மேல்முனை வினாடிக்கு 0.375 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது" என்றும் எழுதலாம். இரண்டும் சரி. "மேல்முனை வினாடிக்கு −0.375 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது" என்று எழுதினால் அது தவறு. இறங்குகிறது என்ற சொல்லே திசையைச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் மைனஸும் போட்டால் திசை இரண்டு முறை திரும்பி, ஏணி சுவரில் ஏறத் தொடங்கிவிடும். குறி சொல்வதையே வினைச்சொல்லும் சொல்கிறது என்றால், இரண்டில் ஒன்று போதும்.

இதே விதி கணக்கின் தொடக்கத்திலும் வேண்டும். ஒரு பலூனிலிருந்து வினாடிக்கு 20 கன சென்டிமீட்டர் காற்று வெளியேறுகிறது என்று கேள்வி சொன்னால், அங்கே கண்ணுக்குத் தெரியும் எண் 20. ஆனால் பலூனின் கன அளவு குறைகிறது. சமன்பாட்டில் போட வேண்டியது −20. வெளியேறுகிறது, உருகுகிறது, வடிகிறது, தேய்கிறது, நெருங்குகிறது போன்ற வினைச்சொற்களுக்குள் மைனஸ் ஒளிந்திருக்கிறது. கேள்வியைப் படிக்கும்போதே அதை வெளியே எடுத்து எழுதிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

எங்கிருந்து அளக்கிறோம்?

அணையின் நீர்மட்டத்தைக் கீழிருந்து மேலாக அளக்கிறோம். நிலத்தடி நீரின் மட்டத்தை மேலிருந்து கீழாக அளக்கிறோம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை அளவெடுக்கிறது. அந்த அளவு, தரைமட்டத்துக்குக் கீழ் இத்தனை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று பதிவாகிறது.

ஒரு கிணற்றில் ஜனவரியில் 6 மீட்டர் ஆழத்தில் இருந்த தண்ணீர், மே மாதத்தில் 9 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது என்று கொள்வோம். ஆழத்தின் மாறுவீதம் மாதத்துக்கு +0.75 மீட்டர். பிளஸ்! ஆனால் தண்ணீர் கீழே போயிருக்கிறது. அதே கிணற்றைக் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அளந்திருந்தால், மாறுவீதம் −0.75 என்று வந்திருக்கும். கிணறு ஒன்றே, தண்ணீர் ஒன்றே, கோடையும் ஒன்றே. நாம் எந்தப் பக்கத்தைப் பிளஸ் என்று தேர்ந்துகொண்டோம் என்பதுதான் குறியைத் தீர்மானித்தது.

ஆகவே குறியைப் படிப்பதற்கு முன் அளவுகோல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாக வேண்டும். ஒரு மாவட்டத்தின் நிலத்தடி நீர் அட்டவணையில் எண்கள் ஆண்டுதோறும் பெரிதாகி வந்தால், அது மகிழ்ச்சிக்குரிய செய்தி ஆகாது.

மலை ரயிலில் மைனஸ் பெருக்கல் மைனஸ்

இதுவரை பார்த்த எல்லா மாறுவீதங்களும் நேரத்தைப் பொறுத்தவை. மாறுவீதத்துக்கு நேரம் கட்டாயமில்லை. உயரத்தைப் பொறுத்தும் ஓர் அளவு மாறலாம்.

1908-இல் முழுமை பெற்ற நீலகிரி மலை ரயில் பாதை, மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 46 கிலோமீட்டர் கடந்து, உதகமண்டலத்தில் 2,203 மீட்டர் உயரத்தை அடைகிறது. வளிமண்டலத்தின் கீழ் அடுக்கில், உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது விமானத் துறையும் வானிலைத் துறையும் பயன்படுத்தும் நிலையான மதிப்பு. மாறுவீதமாக எழுதினால் கிலோமீட்டருக்கு −6.5 டிகிரி. ரயில் ஏறும் உயரம் 1.877 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் −12.2. மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரியாக இருக்கும் ஒரு பகலில் உதகையில் ஏறத்தாழ 20 டிகிரி என்று எதிர்பார்க்கலாம்.

திரும்பி வரும்போது ரயில் இறங்குகிறது. இப்போது உயரத்தின் மாற்றம் −1.877. மாறுவீதமோ அதே −6.5. இரண்டு மைனஸ்களைப் பெருக்கினால் +12.2. வெப்பநிலை 12 டிகிரி உயரும். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று ஏழாம் வகுப்பில் கேட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பயணமே விடை சொல்லும். ஏறினால் குளிரும் பாதையில் இறங்கினால் சூடேறத்தானே வேண்டும்? நேரத்திலும் இதே கணக்குதான். நாளுக்கு 0.6 அடி சரியும் அணையில் ஐந்து நாட்களுக்கு முன் மட்டம் எவ்வளவு? மாறுவீதம் −0.6, நாட்கள் −5, பெருக்கினால் +3. அப்போது மட்டம் இன்றைவிட 3 அடி அதிகம். கடனையும் கடனையும் பெருக்கினால் சொத்து என்று பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் விதி வகுத்தார். மனப்பாடம் செய்யும் சூத்திரமாக நமக்கு வந்து சேர்ந்த அந்த விதி, உலகம் நடந்துகொள்ளும் முறையிலிருந்து எழுந்தது.

நீலகிரி இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமற்ற இரவுகளில் உதகையின் தாழ்வான புல்வெளிகளிலும் தலைக்குந்தா போன்ற பள்ளத்தாக்குப் பகுதிகளிலும் உறைபனி படர்கிறது. சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே வடிந்து பள்ளத்தில் தேங்கிவிடுவதே காரணம். அந்த இரவுகளில் பள்ளத்தைவிட மேட்டில் வெப்பம் அதிகம். உயரத்தைப் பொறுத்த மாறுவீதம் அங்கே சில நூறு அடிகளுக்குப் பிளஸ் ஆகிவிடுகிறது. −6.5 என்பது பெரும் உயரத்துக்கும் நீண்ட காலத்துக்கும் எடுத்த சராசரி. ஒவ்வோர் இரவுக்கும் ஒவ்வொரு சரிவுக்கும் அது வாக்குறுதி தரவில்லை.

குறைவதும் குறைவாக உயர்வதும்

இனி வருவது, செய்திகளைப் படிக்கும்போது அதிகம் தவறும் இடம். பணவீக்கம் குறைந்தது என்ற தலைப்பைப் பார்த்ததும் விலை குறைந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்குப் போனால் விலை ஏறியிருக்கிறது; அரசு பொய் சொல்கிறது என்ற கோபம் வருகிறது.

பணவீக்கம் என்பதே ஒரு மாறுவீதம். 100 ரூபாய்க்கு விற்ற ஒரு பொருள் முதல் ஆண்டில் 8 சதவீதம் உயர்ந்து 108 ரூபாய் ஆகிறது. அடுத்த ஆண்டு 5 சதவீதம் உயர்ந்து 113 ரூபாய் 40 காசு. அதற்கடுத்த ஆண்டு 2 சதவீதம் உயர்ந்து சுமார் 115 ரூபாய் 70 காசு. வீதங்கள் 8, 5, 2 என்று இறங்கிக்கொண்டே வருகின்றன. விலை ஒரு முறைகூட இறங்கவில்லை. விலை இறங்க வேண்டுமானால் வீதம் பூஜ்யத்தைக் கடந்து மைனஸுக்குப் போக வேண்டும்.

அப்படியும் நடந்திருக்கிறது. 2009 ஜூனில் இந்தியாவின் மொத்த விலைக் குறியீட்டின் ஆண்டு மாறுவீதம் மைனஸுக்குச் சென்றது. அப்போதும் உணவுப் பொருட்களின் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2008-ஆம் ஆண்டின் நடுவில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 140 டாலரைத் தாண்டி உச்சத்தில் இருந்தது. ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது எரிபொருள் விலையில் இருந்த பெரும் வீழ்ச்சி குறியீடு முழுவதையும் கீழே இழுத்தது. நூற்றுக்கணக்கான பொருட்களின் கூட்டு அளவில் வந்த மைனஸ், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பொருந்த வேண்டியதில்லை. எத்தகைய கூட்டு, எந்த நாளோடு ஒப்பிட்டது என்று கேட்டால்தான் அதன் பொருள் தெரியும்.

மக்கள்தொகையிலும் இதே கதைதான். 1991-2001 பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை 21.5 சதவீதம் வளர்ந்தது. 2001-2011 பத்தாண்டில் 17.7 சதவீதம். வளர்ச்சி வீதம் இறங்கியது. ஆனால் அதே பத்தாண்டில் மக்கள்தொகை சுமார் 103 கோடியிலிருந்து 121 கோடியாக உயர்ந்தது. இதற்கு நேர்மாறாக நீலகிரி மாவட்டம். 2001-இல் 7,62,141 பேர். 2011-இல் 7,35,394 பேர். பத்தாண்டு வளர்ச்சி வீதம் சுமார் −3.5 சதவீதம்; சராசரியாக ஆண்டுக்கு −2,675 பேர். அந்தப் பத்தாண்டிலும் நீலகிரியில் குழந்தைகள் பிறந்தார்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் இருந்தார்கள். இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் சேர்ந்த தொகை அதைவிடப் பெரிதாக இருந்ததால் நிகர மாறுவீதம் மைனஸ் ஆனது.

ஓர் அளவு குறைகிறது என்பதும் அது உயரும் வேகம் குறைகிறது என்பதும் இரண்டு வேறு செய்திகள். முதலாவதில் மாறுவீதம் மைனஸ். இரண்டாவதில் மாறுவீதம் பிளஸ். மாறுவீதத்தின் மாறுவீதம்தான் மைனஸ். மேல்நிலைக் கணிதத்தில் இதற்கு இரண்டாம் வகைக்கெழு என்று பெயர்.

24 போய் 20 வந்தால்

சதவீதத்தில் வரும் மைனஸுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. பெருந்தொற்று ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியாவின் உள்நாட்டு உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 24.4 சதவீதம் சுருங்கியது. ஓராண்டு கழித்து, 2021 ஏப்ரல்-ஜூனில் அது 20.1 சதவீதம் வளர்ந்ததாக அரசின் மதிப்பீடு வெளியானது. 24 போனது, 20 வந்தது, ஏறத்தாழ ஈடாகிவிட்டது என்றுதான் முதல் பார்வையில் தோன்றும்.

100 என்று தொடங்கினால் 24.4 சதவீதச் சரிவுக்குப் பின் 75.6. அதன்மீது 20.1 சதவீதம் கூட்டினால் 90.8. பழைய நிலைக்கு இன்னும் 9-க்கு மேல் பாக்கி. முதல் சதவீதம் 100-இன்மீது கணக்கிடப்பட்டது, இரண்டாவது 75.6-இன்மீது. 75.6-லிருந்து 100-க்குத் திரும்ப 32 சதவீதத்துக்கும் மேல் வளர வேண்டும். பாதியாகக் குறைந்த ஒன்று, அதாவது −50 சதவீதம் கண்ட ஒன்று, மீண்டும் பழைய நிலைக்கு வர +100 சதவீதம் வேண்டும். மைனஸ் சதவீதம் பறித்துக்கொண்டதை அதே அளவு பிளஸ் சதவீதம் திருப்பித் தராது. பங்குச் சந்தையில் பணம் போடும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

காற்றில் இருக்கும் அணை

இந்தக் கணக்கு எல்லாவற்றிலும் பெரிதாக வந்து நிற்பது பருவநிலையில். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அந்தப் பதிவு இன்றும் தொடர்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சத்தைத் தொடும் செறிவு, வடகோளத்தின் காடுகளும் வயல்களும் தழைக்கும் மாதங்களில் இறங்கி, செப்டம்பர் வாக்கில் தாழ்ந்த புள்ளிக்கு வருகிறது. அந்த மாதங்களை மட்டும் பார்த்தால் மாறுவீதம் மைனஸ். மே முதல் அடுத்த மே வரை பார்த்தால் பிளஸ். இடைவெளியைத் தேர்ந்தெடுப்பவர் விடையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். நான்கு மாத மைனஸைக் காட்டி, கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், பன்னிரண்டு மாதக் கணக்கைக் கேட்பது நம் கடமை.

2020-இல் உலகெங்கும் ஊர்திகளும் ஆலைகளும் நின்றன. எரிபொருளால் உண்டாகும் கார்பன் டை ஆக்ஸைடு உமிழ்வு அந்த ஆண்டு சுமார் 5 சதவீதம் குறைந்தது. காற்று சுத்தமாகிவிடும் என்று பலர் நம்பினார்கள். மௌனா லோவாவின் ஆண்டுச் சராசரியோ 2019-இல் பத்து லட்சத்தில் சுமார் 411.7 பங்காக இருந்தது, 2020-இல் 414.2 பங்காக உயர்ந்தது. உமிழ்வின் மாறுவீதம் மைனஸ், செறிவின் மாறுவீதம் பிளஸ். உமிழ்வு என்பது உள்ளே வரும் வரவு. கடலும் காடும் உறிஞ்சிக்கொள்வது வெளியேறும் செலவு. நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ பாதியைத்தான் அவை உறிஞ்சுகின்றன. வரவு 5 சதவீதம் குறைந்தாலும் அது செலவைவிடப் பெரிதாகவே இருந்தது. ஆகவே இருப்பு ஏறியது.

நிகர பூஜ்யம் என்று உலக நாடுகள் பேசும் இலக்கின் பொருள் இங்கேதான் தெளிவாகிறது. மனிதர்கள் வெளியிடுவதும் மனித முயற்சியால் அகற்றப்படுவதும் சமமாகி, காற்றில் நாம் கூட்டும் நிகர அளவு பூஜ்யத்தைத் தொடும் நாள் அது. இந்தியா 2070-ஐ அந்த ஆண்டாக 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. உமிழ்வு இவ்வளவு குறைந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் வரும் செய்தி வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த இலக்கை எட்ட, நிகர உமிழ்வு பூஜ்யத்தைத் தொடும் வரை அந்தக் குறைவு நீள வேண்டும்.

விடையின் கீழ் ஒரு வாக்கியம்

ஒரு மைனஸ் மாறுவீதம் கண்ணில் பட்டால் மூன்று கேள்விகள் போதும். எது மாறுகிறது? எதைப் பொறுத்து, எந்த இடைவெளியில் மாறுகிறது? எந்தப் பக்கம் பிளஸ் என்று வைத்து அளந்தார்கள்? மேட்டூரின் இருப்பையும் மட்டத்தையும் முதல் கேள்வி பிரித்துக் காட்டும். மலை ரயிலையும் மௌனா லோவாவின் நான்கு மாதங்களையும் இரண்டாவது கேள்வி விளக்கும். கிணற்றின் ஆழத்தை மூன்றாவது கேள்வி நேராக்கும்.

வகுப்பறையில் இதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். மாறுவீதக் கணக்கு ஒவ்வொன்றின் விடைக்கும் கீழே, அலகோடும் திசையோடும், அந்த எண் என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் போதும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். −0.375 என்று எழுதிய மாணவர் கணக்கைப் போட்டிருக்கிறார். ஏணியின் மேல்முனை வினாடிக்கு 0.375 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று எழுதியவர் கணக்கைப் புரிந்துகொண்டிருக்கிறார். இப்படி எழுதிப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் விலைவாசி அறிக்கையையும் குடிநீர் அட்டவணையையும் பருவநிலை ஒப்பந்தத்தையும் பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியதில்லை. தானே படித்து, தானே முடிவுக்கு வரும்.